வயிற்றுக்குள் பொட்டொக்ஸ் ஊசி: இஸ்தான்புல் விமானச் சீட்டு எடுக்கும் முன்

வாசகர் கேள்விக்கு மருத்துவ ஆலோசனை

கடிதத்தின் சுருக்கம்

ஜேர்மனியில் வசிக்கும் 36 வயதுச் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். உயரம் 160 சென்ரிமீற்றர், நிறை 88 கிலோ. முதியோர் இல்லமொன்றில் பெரும்பாலும் இரவு வேலை. ஒரு பிள்ளை இருக்கிறது, அடுத்த ஆண்டு இன்னொன்று வேண்டும் என்பது விருப்பம். சினைப்பை நீர்க்கட்டிக்காக மெட்ஃபோர்மின் குளிசை எடுக்கிறார். கடைசியாகப் பார்த்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி இரத்தச் சீனி அளவு) 6.1. அம்மாவுக்கு யாழ்ப்பாணத்தில் தைரொயிட் சுரப்பியை எடுத்திருக்கிறார்கள், ஏன் என்று தெரியாது.

மூன்று முறை உணவுக் கட்டுப்பாடு தொடங்கி, ஒவ்வொரு முறையும் 5, 6 கிலோ குறைந்து, திரும்ப ஏறிவிட்டது. இப்போது இஸ்தான்புல் கிளினிக் ஒன்றின் முகவர் வட்ஸ்அப்பில் பேசியிருக்கிறார். இரைப்பைக்குள் பொட்டொக்ஸ் ஊசி, 20 நிமிட வேலை, வெட்டு இல்லை, தையல் இல்லை, மறுநாளே விமானம் ஏறலாம், 6 மாதத்தில் 15 கிலோ குறையும் என்றாராம். 200 யூரோ முற்பணம் கட்டியாயிற்று. கூட வேலை செய்யும் தோழி அதே ஊசியால் 3 மாதத்தில் 9 கிலோ மெலிந்தார். கணவருக்கு ஒப்பரேஷன் என்றாலே பயம், ஊசி என்பதால் சம்மதிக்கிறார். “முகத்துக்குப் போடுகிற அதே மருந்துதானே? எல்லோரும் கிழமைக்கொருக்கால் போடுகிற ஊசியும் இதுவும் ஒன்றா? 2023இல் ஏதோ நடந்தது, அது போலி மருந்தால்தான் என்கிறார்கள், உண்மையா? ஏதாவது நடந்தால் கிராங்கன்காசெ (மருத்துவக் காப்புறுதி) பார்த்துக்கொள்ளும்தானே?” என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இந்த ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டாம். இரைப்பையை அது கொஞ்சம் மெதுவாக்கும். அதனால் நிறை குறையும் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. ஆபத்தோ உண்மையானது. இத்தனை முயற்சிக்குப் பிறகு நீங்கள் ஒரு குறுக்கு வழியைத் தேடுவதில் எந்தத் தவறும் இல்லை. உடல் பருமன் ஒரு நோய், மனவுறுதி குறைந்தவர்களுக்கு வரும் தண்டனை இல்லை. உங்களுக்குச் சரியான சிகிச்சைகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றைத் தெரிவு செய்வதுதான் நம் வேலை.

கிழமைக்கு ஒரு முறை போடும் ஊசி வேறு, இது வேறு

கிழமைக்கு ஒரு முறை போடுவது செமாக்ளூட்டைட் அல்லது டிர்செப்படைட் என்ற மருந்து. கடையில் வெகோவி, ஒசெம்பிக், மௌன்ஜாரோ என்ற பெயர்களில் பார்த்திருப்பீர்கள். பேனை போன்ற கருவியின் சிறிய ஊசியால் வயிற்றுத் தோலுக்கு அடியில், அல்லது தொடையிலோ மேல்கையிலோ, வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம். அந்த ஊசி இரைப்பையைத் தொடுவதே இல்லை. மருந்து இரத்தத்தில் கலந்து, மூளையில் பசியைக் குறைக்கிறது. இரைப்பை காலியாகும் வேகத்தையும் குறைக்கும், ஆனால் அந்த விளைவு சில மாதங்களில் மங்கிவிடும். நிறை குறைவதற்கு முக்கிய காரணம் பசியில் வரும் மாற்றம்.

உங்களுக்குச் சொல்லப்பட்டது வாய்வழியாகச் செய்வது. 8 மணிநேரம் வெறும் வயிறு, மயக்க மருந்து, பிறகு கமெராக் குழாய் இரைப்பைக்குள் போகும். அதனூடாக நீண்ட ஊசியை நுழைத்து, உப்புநீரில் கரைத்த பொட்டுலினம் நஞ்சை (பொட்டொக்ஸ் என்பது இதன் ஒரு தயாரிப்புப் பெயர்) இரைப்பைச் சுவரில் வட்டமாகப் பல இடங்களில் ஏற்றுவார்கள். பெரும்பாலும் கீழ்ப்பகுதியான அந்திரத்தில், சிலர் மேல்பகுதியிலும்.

அந்திரம்தான் இரைப்பையின் அரைக்கும் பகுதி. நிமிடத்துக்கு 3 தடவை சுருங்கி, உணவை ஒன்று, இரண்டு மில்லிமீற்றர் துணிக்கைகளாக்கி, பைலோரஸ் என்ற வாயிலூடாகச் சிறுகுடலுக்குத் தள்ளும். திட உணவில் பாதி வெளியேற ஏறக்குறைய 2 மணிநேரம் ஆகும், 4 மணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு போய்விடும். நஞ்சு என்ன செய்கிறதென்றால், தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் அசற்றைல்கோலின் என்ற பொருள் நரம்பு முனையிலிருந்து வெளிவருவதைத் தடுக்கிறது. கட்டளை வராததால் தசை தளர்கிறது, உணவு அதிக நேரம் தங்குகிறது.

எங்கே போடுகிறார்கள் என்பது மிக முக்கியம். இதே நஞ்சைச் சில சென்ரிமீற்றர் தள்ளி, பைலோரஸ் வாயிலில் போட்டால் வாயில் தளரும். இரைப்பை மந்தமாகிவிட்ட நோயாளிகளில் உணவு வேகமாக வெளியேறட்டும் என்று வைத்தியர்கள் முயன்று பார்த்ததே அந்த இடத்தில்தான். ஒரே மருந்து, ஒரே குழாய், எதிரான நோக்கம். “20 நிமிட வேலை” என்று சொல்பவர் இதை உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்.

இரைப்பை மெதுவானால் மெலியவேண்டும்தானே?

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. இந்த எண்ணத்தை நேரடியாகச் சோதித்த ஆய்வு ஒன்று 2013இல் அமெரிக்காவில் வெளிவந்தது. உடல் பருமனுள்ள 60 பேரை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வெறும் உப்புநீர், மற்றவர்களுக்கு 100 அல்லது 300 அலகு பொட்டொக்ஸ். ஊசி தசைக்குள்தான் போகிறது என்பதை அல்ட்ராசவுண்ட் வைத்து உறுதி செய்தார்கள். 300 அலகு போட்டவர்களுக்கு இரைப்பை உண்மையிலேயே மெதுவானது. ஆனால் நிறையில், உப்புநீர் போட்டவர்களை விட அவர்கள் முந்தவில்லை. மெலிந்ததாகக் காட்டிய ஆய்வுகளும் உண்டு. அவை மிகச் சிறியவை, சில கிழமைகளே நடந்தவை, பலவற்றில் கடுமையான உணவுக் கட்டுப்பாடும் கூடவே இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நம்பக்கூடிய பயன் தெரியவில்லை.

ஏன் என்பதை உங்கள் கடிதத்திலிருந்தே விளக்கலாம். இரவு வேலையில் 5 கோப்பை தேநீர், ஒவ்வொன்றிலும் 2 கரண்டி சீனி என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஏறக்குறைய 50 கிராம் சீனி, 200 கலோரி. திட உணவை அரைக்கத்தான் அந்திரம் தேவை. தேநீர், யூஸ், ஐஸ்கிரீம் போன்றவை அந்திரம் தளர்ந்திருந்தாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். நித்திரை குறைந்த உடல் இனிப்பைக் கேட்பதும் மூளையிலிருந்து வருவது, அதற்கும் அந்திரத்துக்கும் சம்பந்தம் குறைவு. நோயாகவே இரைப்பை மந்தமானவர்களில்கூட நிறை கூடியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

மூன்று, நான்கு மாதங்களில் நரம்பு தன் வேலையைத் திரும்பத் தொடங்கிவிடும். அதனால்தான் கிளினிக்குகள் 6 மாதத்துக்கொருக்கால் திரும்ப வரச் சொல்கின்றன.

தோழியின் 9 கிலோவை நான் மறுக்கவில்லை. அவருக்குக் கொடுத்த உணவுப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள். முதல் நாட்கள் வெறும் திரவம், பிறகு நாளுக்கு 1000 கலோரி சுற்றி, சீனி இல்லை, நடை என்று இருக்கும். அப்படிச் சாப்பிட்டால் ஊசியில்லாமலும் அந்த நிறை குறையும். காசு கட்டி, விமானம் ஏறிப் போய்வந்தவருக்கு அந்த 3 மாதம் கட்டுப்பாட்டைக் காப்பாற்ற ஒரு வேகமும் கிடைக்கும். ஒரு வருடத்துக்குப் பிறகு அவருடைய நிறை என்ன என்பதுதான் உங்களுக்குத் தேவையான தகவல்.

2023இல் நடந்தது

2023 பெப்ரவரி 22 முதல் மார்ச் 1 வரையான சில நாட்களில் துருக்கியில் இந்த ஊசி போட்டவர்களிடையே பொட்டுலிசம், அதாவது இந்த நஞ்சு உடலில் பரவித் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நோய், பரவலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மார்ச் நடுப்பகுதிக்குள் 60 பேருக்கு மேல். பெரும்பாலானோர் துருக்கியில் இருந்தவர்கள். ஜேர்மனி, ஒஸ்திரியா, சுவிற்சர்லாந்து ஆகிய நாடுகளுக்குத் திரும்பிய பின் நோய்ப்பட்டவர்களும் இருந்தார்கள். அநேகமான ஊசிகள் இஸ்தான்புல்லிலும் சில இஸ்மீரிலும் போடப்பட்டவை. சிலர் தீவிர சிகிச்சைப் பிரிவு வரை போனார்கள்.

போலி மருந்து என்று உங்களுக்குச் சொன்னது தவறு. துருக்கி அதிகாரிகளின் விசாரணையில் தெரிந்தது, பயன்பட்டவை அனுமதி பெற்ற மருந்துகள். ஆனால் உடல் பருமனுக்காக இரைப்பையில் போட அவற்றுக்கு அனுமதி இருக்கவில்லை. ஆகவே “எங்களிடம் அசல் மருந்து” என்ற உறுதிமொழி உங்களைக் காப்பாற்றாது.

முகத்துக்குப் போடும் அளவோடு ஒப்பிட்டதையும் திருத்தவேண்டும். புருவங்களுக்கு நடுவிலுள்ள சுருக்கத்துக்கு பொட்டொக்ஸ் 20 அலகு. இரைப்பைக்கு 200, 300 என்று போடுகிறார்கள், பத்து முதல் பதினைந்து மடங்கு. எந்த நோய்க்காக இருந்தாலும் பெரியவர் ஒருவருக்கு 3 மாதத்துக்குள் மொத்தம் 400 அலகைத் தாண்டக்கூடாது என்பது பொட்டொக்ஸ் தயாரிப்பாளர் வைத்த எல்லை. இன்னொரு சிக்கல், ஒரு தயாரிப்பின் அலகு இன்னொன்றின் அலகுக்குச் சமமில்லை. அதே புருவச் சுருக்கத்துக்கு டிஸ்போர்ட் என்ற இன்னொரு தயாரிப்பில் 50 அலகு. பெயரைக் குறிப்பிடாமல் “300 அலகு” என்று மட்டும் சொல்லும் கிளினிக், உங்கள் உடலுக்குள் எவ்வளவு போகிறது என்பதை உங்களுக்குச் சொல்லவே இல்லை.

பொட்டுலிசம் தலையிலிருந்து கீழே இறங்கும். கண் இமை தொங்கும், இரண்டு இரண்டாகத் தெரியும், வாய் காயும், குரல் மாறும், விழுங்கும்போது புரையேறும், கழுத்து நிற்காது, பிறகு கை, மூச்சு. காய்ச்சல் இருக்காது, அறிவு தெளிவாக இருக்கும். அதனால் பலர் களைப்பென்று நினைத்து வீட்டில் படுத்துவிடுகிறார்கள். அறிகுறிகள் தொடங்கச் சில நாட்கள் ஆகும் என்பதால், மறுநாள் விமானம் ஏறியவருக்கு அது வருவது ஜேர்மனியில்தான், ஊசி போட்ட வைத்தியர் பக்கத்தில் இல்லாத நேரத்தில். நச்சுமுறி மருந்து இரத்தத்தில் சுற்றும் நஞ்சை மட்டுமே பிடிக்கும். நரம்பைப் பற்றிவிட்டதை அது எடுக்காது. ஆகவே மணித்தியாலங்கள் முக்கியம்.

தோழி உட்பட யாராவது அண்மையில் இந்த ஊசி போட்டு, மேற்சொன்ன அறிகுறியில் ஒன்றாவது வந்தால் 112ஐ அழைக்கவேண்டும். “இரைப்பையில் பொட்டுலினம் ஊசி போட்டேன், இந்தத் தேதியில்” என்று முதல் வசனத்திலேயே சொல்லவேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் பக்கவாதம் என்று தேடிக்கொண்டு நேரம் போகும். ஜென்ராமைசின் வகை அன்டிபயோட்டிக்கும் மக்னீசியமும் இந்த நிலையில் தசை பலவீனத்தைக் கூட்டும் என்பதால், வைத்தியருக்கு இந்த விபரம் தெரிந்தே ஆகவேண்டும்.

கிராங்கன்காசெ பற்றி

ஜேர்மனிக்குத் திரும்பி அவசர நிலை வந்தால் சிகிச்சை மறுக்கப்படாது. அதில் பயம் வேண்டாம். ஆனால் துருக்கியில் இருக்கும்போது சிக்கல் வந்தால் நிலைமை வேறு. சிகிச்சைக்கென்றே போன பயணத்தில் வரும் பின்விளைவுகளைப் பல பயணக் காப்புறுதிகள் ஏற்பதில்லை. மருத்துவக் காரணமில்லாத அழகு ஒப்பரேஷன்களால் வரும் சிக்கல்களுக்கு நோயாளியிடமும் செலவில் பங்கு கேட்க ஜேர்மன் சமூகச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. இந்த ஊசி ஒப்பரேஷன் இல்லை என்று வாதிடலாம். அந்த வாதத்தை நோய்ப் படுக்கையிலிருந்து நடத்த வேண்டியிருக்கும். கிளினிக் மீது வழக்கு என்றால் அது பெரும்பாலும் துருக்கியில், துருக்கிச் சட்டப்படி.

உங்களுக்கு இருக்கும் வழிகள்

உங்கள் உடல் நிறைச் சுட்டெண் 34.4. ஜேர்மன் அட்டவணை இதை முதல்நிலைப் பருமன் என்கிறது. தெற்காசிய உடலில் இதே எண்ணுக்கு நீரிழிவு ஆபத்து அதிகம், 23இலிருந்தே நாம் கவனமாக இருக்கவேண்டியவர்கள். எச்பிஏ1சி 6.1 நீரிழிவுக்கு முந்தைய நிலை, 6.5இல்தான் நீரிழிவு. எனவே சிகிச்சை தேவை என்ற உங்கள் எண்ணம் சரி.

எந்தச் சிகிச்சை என்பதை முடிவு செய்வது பிள்ளை பற்றிய உங்கள் விருப்பம்தான். உங்கள் கடிதத்தில் அது ஒரே ஒரு வரியாக இருந்தது. எனக்கு அதுவே மையமாகப் படுகிறது.

செமாக்ளூட்டைட் 2.4 மில்லிகிராமில் 68 கிழமைகள் நடந்த பெரிய ஆய்வில் சராசரி 14.9 சதவீதம் நிறை குறைந்தது, வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். உங்கள் நிறைக்கு அது 13 கிலோ. டிர்செப்படைட் 15 மில்லிகிராமில் 72 கிழமையில் 20.9 சதவீதம். முகவர் வாக்குக் கொடுத்த 15 கிலோவை உண்மையில் தரக்கூடியவை இந்த மருந்துகள்தான். ஆனால் காலம் எடுக்கும். செமாக்ளூட்டைடை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, 4 கிழமைக்கொரு படியாக 0.5, 1, 1.7, 2.4 என்று ஏற்றவேண்டும். அதாவது முழு அளவுக்கு வரவே 4 மாதம். கர்ப்பத்துக்கு முயல்வதற்குக் குறைந்தது 2 மாதம் முன்பே நிறுத்தவும் வேண்டும், டிர்செப்படைட் என்றால் 1 மாதம். நிறுத்திய ஒரு வருடத்துக்குள் குறைந்த நிறையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியதை ஆய்வு காட்டியது. ஆகவே சில மாதம் போட்டுவிட்டு நிறுத்தி உடனே கர்ப்பமாவது என்பது, நிறை திரும்ப ஏறும் காலத்திலேயே கர்ப்பத்தைத் தொடங்குவதாகும்.

இன்னொன்று, நிறை குறையத் தொடங்கினால் நீர்க்கட்டி உள்ளவர்களுக்குக் கருமுட்டை வெளியேற்றம் சீராகி, எதிர்பாராமல் கர்ப்பம் தங்கலாம். டிர்செப்படைட் கருத்தடைக் குளிசையின் பலனையும் குறைக்கும். தொடங்கிய பிறகும் ஒவ்வொரு முறை அளவு கூட்டிய பிறகும் 4 கிழமைக்கு ஆணுறை போன்ற வேறு முறை தேவை.

என் கருத்து இது. 36 வயதில், நீர்க்கட்டியோடு, அடுத்த ஆண்டே பிள்ளை என்பதில் உறுதியாக இருந்தால் ஊசி மருந்தைத் தள்ளிப்போடுங்கள். மெட்ஃபோர்மினைத் தொடர்ந்து, 5 முதல் 7 சதவீதத்தை, அதாவது 4 முதல் 6 கிலோவை இலக்காக வையுங்கள். நீங்கள் தோல்வி என்று எழுதியிருக்கும் அந்த 5, 6 கிலோவே இந்த இலக்கு! நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளவர்களிடம் அமெரிக்காவில் நடந்து 2002இல் வெளிவந்த பெரிய ஆய்வில், 7 சதவீத இலக்கும் கிழமைக்கு 150 நிமிட நடையும் நீரிழிவு வருவதை 58 சதவீதம் குறைத்தன. கர்ப்பம் தங்கவும் அதுவே உதவும். மாறாக, பிள்ளையை ஒன்றரை, இரண்டு வருடம் தள்ளிவைக்க இருவருக்கும் சம்மதம் என்றால், மகப்பேற்று வைத்தியரிடம் சினைப்பையில் கருமுட்டைகள் எவ்வளவு மீதம் என்பதைப் பரிசோதித்துவிட்டு ஊசி மருந்தைத் தொடங்கலாம்.

ஒப்பரேஷன் பற்றிக் கணவர் இப்போது கவலைப்பட வேண்டியதில்லை. உங்கள் சுட்டெண்ணில் ஜேர்மனியில் அது வழக்கமாக முதல் தெரிவு இல்லை. செய்தாலும் 12 முதல் 18 மாதம் கர்ப்பம் தவிர்க்கவேண்டும்.

அடுத்த இரண்டு கிழமையில் செய்யவேண்டியவை

*அம்மாவின் அறிக்கை.* தைரொயிட் எடுத்த வைத்தியசாலையின் திசுப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். சாதாரணக் கழலை என்றால் தடையில்லை. மெடுலரி வகைப் புற்றுநோய் என்றால் செமாக்ளூட்டைடும் டிர்செப்படைடும் உங்களுக்கு வேண்டாம், நீங்களே மரபணுப் பரிசோதனைக்கும் போகவேண்டும். அறிக்கை கிடைக்கும்வரை ஊசி மருந்து தொடங்காதீர்கள்.

*ஹவுஸ்ஆர்ட்ஸ்ட் (குடும்ப வைத்தியர்).* ஈரல், சிறுநீரகம், தைரொயிட், கொழுப்பு, எச்பிஏ1சி ஆகியவற்றோடு விற்றமின் பி12உம் பார்க்கச் சொல்லுங்கள், மெட்ஃபோர்மின் அதைக் குறைக்கும். குறட்டை இருந்தால் நித்திரை மூச்சுத்தடைப் பரிசோதனையும் தேவை. உணவு ஆலோசனைக்கு அவர் தரும் கடிதத்தோடு போனால் கிராங்கன்காசெ வழக்கமாகச் செலவில் ஒரு பங்கை ஏற்கும். நிறை குறைக்கும் ஊசி மருந்துக்குச் சட்டப்படி அரச காப்புறுதி காசு தராது, தனியார் மருந்துச் சீட்டில் நீங்களே வாங்கவேண்டும். அதையும் அப்போதேக்கவில் (மருந்துக் கடையில்) மட்டும். 2023 ஒக்ரோபரில் ஜேர்மன் லேபலோடு போலி ஒசெம்பிக் பேனைகள் பிடிபட்டன. வட்ஸ்அப்பில் மலிவாக வருவதை வாங்காதீர்கள்.

*இரவு வேலை.* பெரிய சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன் 6, 7 மணிக்கு வையுங்கள். சோறு ஒரு கோப்பை, மீன் அல்லது முட்டையோ கடலையோ, தட்டில் பாதி மரக்கறி. நள்ளிரவில் ஒரு தயிரும் அவித்த முட்டையும் போதும். தேநீரைக் குடியுங்கள், சீனியை விடுங்கள். முதல் பத்து நாள் கஷ்டம், பிறகு நாக்கு பழகிவிடும்.

பின்னாளில் ஊசி மருந்து தொடங்கினால், குமட்டல் பெரும்பாலும் அளவைக் கூட்டும் நாட்களில் வரும். அப்போது அடுத்த படிக்கு அவசரப்படாமல் இன்னும் 4 கிழமை அதே அளவில் நிற்கலாம். முதுகுக்குப் பரவும் கடும் வயிற்றுவலி, அல்லது வலப்பக்க விலாவுக்குக் கீழ் வலியோடு வாந்தி வந்தால் கணையத்தையும் பித்தப்பையையும் அன்றே பார்க்கவேண்டும்.

முற்பணத்தைப் பற்றி: “மருத்துவ ஆலோசனைப்படி சிகிச்சையை ரத்துச் செய்கிறேன், பணத்தைத் திருப்பி அனுப்பவும்” என்று எழுத்தில் அனுப்பி, பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். கார்ட்டில் கட்டியிருந்தால் வங்கியிடமும் கேட்கலாம். திரும்பி வராமல் போனாலும், 200 யூரோ போய்விடுமே என்பதற்காக விமானம் ஏறவேண்டாம்.